குவான்ஃபசின்: பிபிக்கு வந்த மாத்திரை கவனத்துக்கு உதவுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) உள்ள பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயரை இணையத்தில் தேடினால், ‘உயர் ரத்த அழுத்தத்துக்கான மருந்து’ என்று முதல் வரியிலேயே வருகிறது. பெற்றோருக்குப் பகீர் என்று ஆகிவிடுகிறது. ‘மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ?’ என்ற சந்தேகம் வருவது இயல்புதான். மாற்றிக் கொடுக்கவில்லை. இந்த மருந்து உடலில் என்ன செய்கிறது, அதற்கு ஏன் இத்தனை நிபந்தனைகள் என்பதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. டோஸைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் மருந்தை எழுதித்தந்த மருத்துவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டியவை.

குவான்ஃபசின் என்ன வகை மருந்து?

நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்கள்மீது வேலை செய்ய வேண்டுமானால் அங்குள்ள ஏற்பி ஒன்றில் போய்ப் பொருந்த வேண்டும். அந்த ஏற்பிகளில் பல வகை உண்டு: ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா என்று போகிறது பட்டியல். ஆல்ஃபா-2 வகைக்குள்ளேயே ஏ, பி, சி என மூன்று பிரிவுகள். குவான்ஃபசின் பொருந்துவது பெரும்பாலும் 2ஏ பிரிவில்தான். மற்ற இரண்டையும்விட 2ஏ மீது அதற்குச் சுமார் 15 முதல் 20 மடங்கு நாட்டம் அதிகம்.

அமெரிக்காவில் 1986-இல் உயர் ரத்த அழுத்தத்துக்காக டெனெக்ஸ் என்ற பெயரில் இதற்கு அனுமதி கிடைத்தது. மெதுவாக மருந்தை வெளிவிடும் எக்ஸ்.ஆர். மாத்திரை இன்டியூனிவ் என்ற பெயரில் 2009-இல் வந்தது. 6 முதல் 17 வயது வரையிலான ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு அது அனுமதிக்கப்பட்டது. 2011-இல் ஊக்கி மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கவும், 2015-இல் ஐரோப்பாவில் ஊக்கி மருந்து ஒத்துவராத பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அனுமதி வந்தது.

ஊக்கி மருந்துகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்கி மருந்துகள் நரம்புச் செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் டோபமினையும் நார்அட்ரினலினையும் கூட்டுகின்றன. குவான்ஃபசின் எதையும் கூட்டுவதில்லை. நார்அட்ரினலின் உட்கார வேண்டிய இடத்தில் தானே போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்கிறது.

நடைமுறையில் தெரியும் வேறுபாடுகள் பலவும் இதிலிருந்து வருபவை. ஊக்கி மருந்துகள் பசியைக் குறைக்கும், தூக்கத்தைத் தள்ளிப்போடும், நாடித்துடிப்பையும் பிபியையும் கொஞ்சம் உயர்த்தும். குவான்ஃபசின் இதில் ஏறக்குறைய எதிர்த்திசை: தூக்கம் வரும், நாடி குறையும், பிபி இறங்கும்.

ஊக்கி அல்லாத மருந்துகள் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதே வரிசையில் வரும் அட்டமாக்ஸெட்டின், நார்அட்ரினலின் செல்லுக்குள் திரும்பி உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற மருந்து. அது பிபியையும் நாடியையும் சற்றே உயர்த்தும். ஆகவே ‘ஊக்கி அல்லாதது’ என்பதை வைத்துக்கொண்டு பிபி ஏறுமா இறங்குமா என்று முடிவுகட்ட முடியாது.

ரத்த அழுத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

இதயத்தை வேகமாகத் துடிக்கவும் ரத்தக் குழாய்களை இறுகவும் வைக்கும் ஆணைகள் மூளைத்தண்டிலிருந்து பரிவு நரம்புகள் வழியாக இறங்குகின்றன. மூளைத்தண்டில் உள்ள ஆல்ஃபா-2ஏ ஏற்பிகள் தூண்டப்பட்டால் அந்த ஆணைகள் குறைகின்றன. நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் வெளிவருவது குறைகிறது, குழாய்கள் தளர்கின்றன, இதயம் கொஞ்சம் நிதானிக்கிறது. அதாவது, இந்த மருந்து ரத்தக் குழாயின் சுவரில் நேரடியாக வேலை செய்வதில்லை. மேலிடத்திலேயே பேசி முடித்துவிடுகிறது.

அதே மருந்து கவனத்துக்கு எப்படி உதவும்?

இதுதான் சுவாரசியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ். சொன்னதை மனத்தில் நிறுத்திக்கொள்வது, வாயில் வந்ததைச் சொல்லாமல் அடக்குவது, பாதியில் விட்ட வேலைக்குத் திரும்புவது எல்லாம் அதன் பொறுப்பு. ‘பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து வா’ என்று சொன்னதும் எழுந்து போகும் பிள்ளை, போகும் வழியில் பென்சில் ஒன்றைப் பார்க்கிறது. நோட்டு என்ற சொல் கண்ணெதிரே இல்லாதபோதும் தலைக்குள் உயிரோடு இருந்தால்தான் பென்சிலைத் தாண்டிப் போக முடியும். அந்தச் சில நொடிகளுக்குள் இந்தப் பகுதியின் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று மாற்றி மாற்றித் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தொடர் அறுந்தால் நோட்டு மறந்துபோகும், பென்சில் ஜெயித்துவிடும்.

இந்தச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அவற்றின் கிளைகளில் உள்ள மிகச் சிறிய முட்கள் போன்ற முனைப்புகள் வழியாக. அந்த முனைப்புகளில் ஹெச்சிஎன் என்ற அயனி வாயில்கள் உள்ளன. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் கூடினால் அவை திறந்துகொள்ளும். திறந்தால் உள்ளே வரும் சமிக்ஞை வழியிலேயே கசிந்து வலுவிழக்கும். அதே முனைப்புகளில்தான் ஆல்ஃபா-2ஏ ஏற்பிகளும் உள்ளன. குவான்ஃபசின் அவற்றைத் தூண்டும்போது சைக்ளிக் ஏஎம்பி குறைகிறது, ஹெச்சிஎன் வாயில்கள் மூடுகின்றன, சமிக்ஞை கசியாமல் அடுத்த செல்லுக்குப் போய்ச் சேர்கிறது.

இந்த வழித்தடத்தை 2007-இல் ஒரு ஆய்வுக் குழு வெளியிட்டது. அதில் முக்கியப் பங்கு யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டெனுக்கு உண்டு. கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. அவரும் பாட்ரிஷியா கோல்ட்மன்-ராகிச்சும் 1985-இல் வயதான குரங்குகளுக்கு, குவான்ஃபசினின் குடும்பத்தைச் சேர்ந்த குளோனிடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் தற்காலிக நினைவுத் திறன் மேம்பட்டதைக் காட்டினார்கள். 1988-இல் குவான்ஃபசினை வைத்துப் பார்த்தபோது, மயக்கமோ பிபி சரிவோ இல்லாமலே அந்தப் பலன் கிடைத்தது. மறுபக்கச் சோதனையும் உண்டு. ஆல்ஃபா-2 ஏற்பிகளை அடைக்கும் யோஹிம்பினை குரங்குகளின் ப்ரீஃப்ரண்டல் பகுதியில் செலுத்தியபோது அவற்றின் நினைவு தடுமாறியது, அடக்கமும் குறைந்து பரபரப்பானது. ஏடிஹெச்டியை நினைவூட்டும் நடத்தை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முனைப்பு, வாயில் என்ற நுண்ணிய விளக்கம் குரங்கு, எலி ஆய்வுகளிலிருந்து வந்தது. பிள்ளைகளிடம் மருந்து பலன் தருகிறது என்பது மருத்துவச் சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் மூளையிலும் இதே வழியாகத்தான் பலன் வருகிறது என்று யாரும் திறந்து பார்த்துச் சொல்லவில்லை.

அப்படியானால் தூங்க வைத்துத்தான் பிள்ளையை அடக்குகிறதா?

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. தயங்கத் தேவையில்லை, கேட்க வேண்டிய கேள்விதான்.

தூக்கக் கலக்கம் இந்த மருந்தின் மிகப் பொதுவான பக்கவிளைவு, மறுக்க முடியாது. ஆனால் அது வேறு, கவனம் கூடுவது வேறு. குரங்கு ஆய்வில் இரண்டும் பிரிந்தே தெரிந்தன. பிள்ளைகளிடமும் காலக்கணக்கு வேறு: கலக்கம் பெரும்பாலும் மருந்து தொடங்கிய நாட்களிலும் டோஸ் கூட்டிய நாட்களிலும் அதிகமாக இருந்து, பலருக்கு வாரங்கள் போகப்போகக் குறைகிறது. கவனத்தில் முன்னேற்றம் அதற்குப் பிறகும் தொடர்கிறது.

வாரக்கணக்கில் ஆகியும் பிள்ளை வகுப்பில் மேசைமீது சாய்ந்தபடியே இருந்தால், ‘அமைதியாகிவிட்டான்’ என்று அதைப் பலன் கணக்கில் எழுதக் கூடாது. டோஸோ, மாத்திரை எடுக்கும் நேரமோ, மருந்தோ அந்தப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம்.

குளோனிடினும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல.

குளோனிடின் மூத்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தில் மூக்கடைப்பு நீங்கச் சொட்டு மருந்தாகத்தான் அதைத் தேடினார்கள். சளி பிடித்திருந்த அலுவலகப் பெண் ஒருவருக்கு அதைக் கொடுத்துப் பார்க்க, அவர் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டார், பிபியும் நாடியும் நன்றாக இறங்கியிருந்தன என்பது மருந்தியல் வகுப்புகளில் பிரபலமான கதை. மூக்குக்கு வந்தது பிபி மருந்தானது. ஏடிஹெச்டிக்கான அதன் நீடித்த வகைக்கு அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கிடைத்தது.

குளோனிடின் 2ஏ, 2பி, 2சி மூன்றையும் ஏறக்குறைய சமமாகத் தூண்டுகிறது, இமிடசோலின் என்ற வேறு வகை ஏற்பிகளிலும் பொருந்துகிறது. அதனால் தூக்கமும் பிபி சரிவும் அதில் கூடுதல். உடலில் தங்கும் நேரமும் குறைவு. தூக்கமே பெரிய பிரச்சினையாக உள்ள பிள்ளைக்குச் சில மருத்துவர்கள் வேண்டுமென்றே குளோனிடினைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அறுவைச் சிகிச்சையில் மயக்கம் தரப் பயன்படும் டெக்ஸ்மெடெட்டோமிடின், தசை இறுக்கத்துக்கான டிசானிடின் ஆகியவையும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

மாத்திரையை விழுங்கிய பிறகு என்ன நடக்கிறது?

சாதாரண மாத்திரையானால் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட இரண்டரை மணி நேரம் போல ஆகும். எக்ஸ்.ஆர். வகையில் 5 மணி நேரம் வரை, சில சமயம் அதற்கும் சற்று மேல். அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், பெரியவர்களுக்குச் சராசரியாக 17 மணி நேரம், இளையவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் எக்ஸ்.ஆர். மாத்திரைக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். காலையிலும் எடுக்கலாம், இரவிலும் எடுக்கலாம், ஆனால் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்.

மருந்தில் ஏறக்குறைய பாதி உருமாறாமல் சிறுநீரில் போகிறது. மீதியைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி சிதைக்கிறது. சிறுநீரகமோ கல்லீரலோ பெரிதும் பழுதுபட்டவர்களுக்கு டோஸைக் குறைக்க வேண்டிவரும்.

எக்ஸ்.ஆர். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்கலாமா?

கூடாது. மெல்லவும் கூடாது. மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து ஒரேயடியாக வெளிவந்துவிடும். கொழுப்பு அதிகமுள்ள உணவோடு எடுப்பதும் ஏறக்குறைய அதே வம்புதான்: ரத்தத்தில் உச்ச அளவு சுமார் 75 சதவீதமும், உடலுக்குள் போகும் மொத்த அளவு சுமார் 40 சதவீதமும் கூடிவிடுகிறது. மாத்திரையை முழுசாக விழுங்க முடியாத பிள்ளை என்றால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

‘2 மில்லிகிராம் என்றால் 2 மில்லிகிராம்தானே’ என்று சாதாரண மாத்திரைக்குப் பதில் எக்ஸ்.ஆர். கொடுக்கலாமா?

முடியாது. ஒரே மில்லிகிராம் அளவில் எக்ஸ்.ஆர். வகையின் உச்ச அளவு சாதாரண மாத்திரையைவிடச் சுமார் 60 சதவீதம் குறைவு, மொத்த அளவு சுமார் 43 சதவீதம் குறைவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதானால் புதிய வகையைக் குறைந்த டோஸிலிருந்துதான் தொடங்குவார்கள்.

டோஸை ஏன் இவ்வளவு மெதுவாகக் கூட்டுகிறார்கள்? பலன் எப்போது தெரியும்?

ஏடிஹெச்டிக்கு வழக்கமாக 1 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு அதிகபட்சம் 1 மில்லிகிராம்தான் கூட்டுவார்கள். 6 முதல் 12 வயது வரை 4 மில்லிகிராம் உச்சவரம்பு. பதின்பருவத்தினருக்கு உடல் எடையைப் பொறுத்து 7 வரை போகலாம். பெரியவர்களின் பிபிக்குச் சாதாரண மாத்திரை இரவில் 1 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம்.

பொறுமை தேவைப்படுவது கவனத்துக்காக மட்டுமல்ல. மூளைத்தண்டிலும் அதே ஏற்பிதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ப்ரீஃப்ரண்டல் பகுதிக்கு மட்டும் என்று விலாசம் எழுதி மருந்தை அனுப்ப முடியாது. பிபியும் நாடியும் புதிய நிலைக்குப் பழக உடலுக்கு அவகாசம் வேண்டும்.

ஊக்கி மருந்தில் முதல் நாளே மாற்றம் தெரியலாம். இதில் ஓரிரு வாரங்களில் சிறிய மாற்றம் தெரிந்து, சரியான டோஸை எட்டிச் சில வாரங்கள் போன பிறகே முழுப் பலனையும் எடைபோட முடியும். முதல் வாரத்தில் தூக்கக் கலக்கம் மட்டும் தெரியும், பலன் தெரியாது. பலர் மருந்தைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

என்னென்ன பக்கவிளைவுகள் வரலாம்?

தூக்கக் கலக்கம், சோர்வு, தலைவலி, வயிற்றுவலி ஆகியவை முதல் வரிசை. வாய் உலர்வது, மலச்சிக்கல், தலைசுற்றல் அடுத்து. எடை கூடுவதும் உண்டு.

கவனமாகப் பார்க்க வேண்டியவை பிபி சரிவும் நாடி மெதுவாவதும். சராசரியாகப் பார்த்தால் இறங்குவது சில புள்ளிகள்தான், ஆனால் சராசரி என்பது எல்லாருக்கும் பொருந்தாது. படுக்கையிலிருந்து சட்டென எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று பிள்ளை சொன்னால், சாக்குச் சொல்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். உட்கார்ந்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்ற பிறகு ஒரு முறை என்று பிபியை அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். மருந்து தொடங்கும் முன்பும், டோஸ் கூட்டிய ஒவ்வொரு முறையும் பிபி, நாடி பார்ப்பது கட்டாயம். கடும் வெயிலில் விளையாடும்போதும் வயிற்றுப்போக்கு வந்தாலும் உடலில் நீர் குறைந்து, மயங்கி விழும் வாய்ப்பு கூடும். தண்ணீர் குடிக்கவைப்பது இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

ஹார்ட் பிளாக் (இதயத்துக்குள் மின்சமிக்ஞை தடைபடுவது), இயல்பிலேயே மெதுவான நாடி, முன்பு மயங்கி விழுந்தது, குடும்பத்தில் இதயத்துடிப்புக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

இவ்வளவு நாள் அடக்கிவைக்கப்பட்ட பரிவு நரம்பு மண்டலம் சட்டென விடுபட்டுத் துள்ளும். பிபியும் நாடியும் பழைய நிலைக்கு மேலேயே ஏறலாம். படபடப்பு, பதற்றம், தலைவலி வரலாம். மிக அரிதாக, பிபி ஆபத்தான அளவுக்கு எகிறி மூளையைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. குளோனிடினில் இது சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். குவான்ஃபசின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், வந்தால் பொதுவாக நிறுத்திய 2 முதல் 4 நாளில் வரும்.

அதனால் நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான்: 3 முதல் 7 நாளுக்கு ஒரு முறை 1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் குறைப்பார்கள்.

பலர் யோசிக்காத ஒரு சூழல் இருக்கிறது. பிள்ளைக்கு வாந்தி, இரண்டு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. யாரும் மருந்தை நிறுத்தவில்லை, ஆனால் மருந்து நின்றுவிட்டது. இதுவும் திடீர் நிறுத்தம்தான். வாந்தி தொடர்ந்தால் ‘குவான்ஃபசின் எடுக்கிற பிள்ளை’ என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

ஒரு வேளைதான் என்றால், அடுத்த வேளை வழக்கமான அளவைக் கொடுத்துத் தொடரலாம். இரட்டை டோஸ் கூடாது. தொடர்ந்து இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால், பழைய முழு டோஸை அப்படியே கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். திரும்பவும் கீழிருந்து தொடங்கச் சொல்லலாம்.

வேறு மருந்துகளோடு சேர்ந்தால்?

சிஒய்பி3ஏ4 நொதியை முடக்கும் மருந்துகள், உதாரணமாகக் கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், குவான்ஃபசின் அளவை உயர்த்திவிடும். அப்போது டோஸைப் பாதியாக்க வேண்டிவரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் இழுக்கும்: மருந்து சீக்கிரம் சிதைந்து பலன் குறையும். வலிப்புக்கான வால்ப்ரோயேட்டோடு கொடுத்தால் வால்ப்ரோயேட்டின் அளவு கூடலாம். கிரேப்ஃப்ரூட் சாறு வேண்டாம். மற்ற பிபி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகள், மது எல்லாம் இதன் விளைவோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

ஊக்கி மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பானதா?

ஆம், அதற்கென்றே ஆய்வு செய்து அனுமதி வாங்கியிருக்கிறார்கள். ஊக்கி மருந்தால் ஓரளவுதான் பலன் கிடைத்தது, கூட்டினால் பசி சுத்தமாகப் போகிறது என்ற நிலையில் இது கைகொடுக்கும். ஒன்று நாடியை ஏற்ற, மற்றொன்று இறக்க, ஓரளவு சமனாவதும் உண்டு. ஆனாலும் அளந்து பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. தனியாக எடைபோட்டால் அறிகுறிகளைக் குறைப்பதில் சராசரியாக ஊக்கி மருந்துகளுக்குத்தான் வலு அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பிபியும் இருக்கிறது, ஏடிஹெச்டியும் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காயா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று உயர் ரத்த அழுத்தத்துக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்துகளில் குவான்ஃபசின் இல்லை. சிறுநீர்ப் பெருக்கிகள், கால்சியம் வாயில் அடைப்பான்கள், ஏசிஇ தடுப்பான்கள், ஏஆர்பி வகை மருந்துகள் பக்கவாதம், மாரடைப்பு போன்றவற்றைக் குறைப்பதற்கு வலுவான ஆதாரம் உள்ளவை. மூளை வழியாக வேலை செய்யும் மருந்துகள் தூக்கம், வாய் உலர்வு, திடீர் நிறுத்தத்தின் ஆபத்து ஆகியவற்றால் பின்வரிசைக்குப் போய்விட்டன. மாத்திரையை அடிக்கடி மறப்பது ஏடிஹெச்டியின் இயல்பு. மறந்தால் பிபி எகிறும் ஒரு மருந்தை மறதிக்காரரின் ஒரே பிபி மருந்தாக வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கவனத்துக்காக இதை எடுக்கும்போது பிபியும் கொஞ்சம் இறங்கினால் நல்லதுதான். அப்போது ஏற்கெனவே எடுக்கும் பிபி மாத்திரையின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம்.

பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கு அனுமதி உண்டா?

ஜப்பானில் 2019 முதல் உண்டு. அமெரிக்காவில் பெரியவர்களின் பிபிக்குத்தான் அனுமதி, ஏடிஹெச்டி அனுமதி 17 வயதோடு முடிகிறது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் தங்கள் தீர்ப்பின் பேரில் எழுதுவதுண்டு.

அடிமையாக்குமா?

இல்லை. போதை தராது, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலிலும் கிடையாது. திடீரென நிறுத்தினால் பிபி ஏறுவது உடல் பழகிப்போனதன் விளைவு. அதையும் மருந்துக்கு ஏங்குவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டில் சின்னக் குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால்?

ஒரு மாத்திரைதானே என்று காத்திருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். தொடக்கத்தில் பிபி சிறிது நேரம் ஏறவும் கூடும். பிறகு ஆழ்ந்த தூக்கம், மெதுவான நாடி, பிபி சரிவு என்று போகும். எக்ஸ்.ஆர். மாத்திரையானால் குழந்தை முதல் சில மணி நேரம் சாதாரணமாகவே விளையாடிக்கொண்டிருக்கலாம், அறிகுறிகள் தாமதமாக வரும். அதனால்தான் இவர்களை மருத்துவமனையில் நீண்ட நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள். போகும்போது மாத்திரை அட்டையையோ புட்டியையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த வகை, எத்தனை மில்லிகிராம், எத்தனை குறைகிறது என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.